முப்பத்தொரு கருவிகளுக்கு ஒரு பெட்டி

மே 29

மேஸ்திரி அவர்களுக்கு,

நான் ஓய்வு பெற்ற நாளன்று, பள்ளிக்கூட ஹாலில், பரிசாகக் கொடுத்த சுவர்க் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, முப்பது ஆசிரியர்கள் முன்னால் நீங்கள் என்னை ஒரு கேள்வி கேட்டீர்கள். "இத்தனை வருஷத்துல கரும்பலகையத் தவிர வேற ஒரு பலகையத் தொட்டிருக்கியா நீ?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அடுத்த மாதமே துணிப்பையைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டை விட்டு உங்கள் தம்பி வீட்டுக்குப் போய்விட்டீர்கள். மூன்று வருடமாகப் பதில் சொல்லச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. இப்போது கிடைத்திருக்கிறது.

உங்கள் அஞ்சலட்டை வந்தது. மாணவர் விடுதிக் கட்டடத்தில் உங்கள் பங்குக்கு மட்டும் அறுபத்து நான்கு கதவுகள் மாட்டும் வேலை, ஜூலை ஒன்றாம் தேதி ஆரம்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். சாக்கு மூட்டையோடு வருகிறவர்களைச் சூப்பர்வைசர் உள்ளே விடுவதில்லையாம். போன கட்டடத்தில் யார் உளியை யார் எடுத்தார் என்று கைகலப்பானதாம். பூட்டு போட்ட பெட்டியில் சொந்தக் கருவிகளோடு வருபவருக்கே வேலையாம். பெட்டி செய்யக் கருவி வேண்டும். உங்கள் கருவிகளோ இந்த வீட்டுப் பின்னறையில் ஒரு சாக்கில் கிடக்கின்றன. ஆகவே "தெரிந்த ஆள் யாரையாவது வைத்து" ஒரு பெட்டி செய்து, எல்லாவற்றையும் போட்டு அனுப்பச் சொல்கிறீர்கள்.

தெரிந்த ஆள் ஒருத்தி இருக்கிறாள். நான்தான்.

இதைப் போனில் சொன்னால் என்ன என்பீர்கள். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் கேட்பேன். காகிதத்தில் இருவருக்கும் ஒரே அளவு இடம்.

சாக்கைப் பிரித்துக் கொட்டி எண்ணினேன். முப்பத்தொன்று. ஒரு உதாரணம் சொல்கிறேன்: ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் காம்பஸை மதிய உணவோடு ஒரே பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். அவர்களைத் தினமும் திட்டியிருக்கிறேன். இப்போது மன்னித்துவிட்டேன்.

இப்படிக்கு,
கரும்பலகை


ஜூன் 2

டீச்சரம்மாவுக்கு,

உன் லெட்டரத் தம்பி பொண்டாட்டிதான் மொதல்ல பிரிச்சுப் படிச்சா. வீடே கேக்கற மாதிரி சிரிச்சா. படிச்சு முடிச்சுட்டு நானும் சிரிச்சேன். பெட்டி செய்றது முக்கோணம் வரையற மாதிரின்னு நெனச்சியா? மரம் உன் பேச்சைக் கேக்காது. பெஞ்சு மேல ஏத்தி நிக்க வைக்கவும் முடியாது.

வெளையாடாத. இது எனக்கு வெளையாட்டு இல்ல. தம்பி ஒண்ணும் சொல்றதில்ல. அவன் பொண்டாட்டி தினம் காப்பி டம்ளர வச்சுட்டு, "மாமா, ஒண்ணாந்தேதி வேலைக்குப் போறீங்கல்ல?"ன்னு கேக்கறா. போகலன்னா அந்த டம்ளரும் வராது. சூப்பர்வைசர் சின்னப் பய. என் தலையப் பாத்துட்டு, "பெருசு, பெட்டியோட வந்தா பாக்கலாம்"னு இழுத்தான்.

மரக்கடைக்காரன்கிட்டச் சொல்லி ஒரு ஆள வச்சு செய். நீ கிட்டப் போகாத. வெரல வெட்டிக்கிட்டா அதுக்கும் நான்தான் காரணம்னு எழுதுவ.

மேஸ்திரி


ஜூன் 6

மேஸ்திரி அவர்களுக்கு,

விரல்கள் பத்தும் நலம்.

மரக்கடைக்காரரிடம் போனேன். ஆள் வைப்பதற்கு இல்லை, மரம் வாங்குவதற்கு. "மரம் எதுக்கு டீச்சர், பசங்கள அடிக்கறதுக்கா?" என்றார். கருவிப் பெட்டிக்கு என்றேன். "அவரு வந்துட்டாரா?" என்று கேட்டார். இல்லை, அவருடைய கருவிகள்தான் போகின்றன என்றேன். அதன்பிறகு அவர் சிரிக்கவில்லை. நல்ல பலகையாகவே எடுத்துக் கொடுத்தார்.

உங்கள் கூட்டாளிகள் எப்படிப் பெட்டி செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். முதலில் பெட்டியை அடிப்பார்கள். பிறகு அதற்குள் கருவிகளை அமுக்குவார்கள். எது நுழையவில்லையோ அதைத் திட்டுவார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. முப்பத்தொரு கருவிகளையும் ஒவ்வொன்றாகக் கட்டத்தாளில் படுக்கவைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து, கத்தரித்தேன். அந்தக் காகிதங்களை நான்கு நாட்கள் தரையில் நகர்த்தி நகர்த்தி, இடைவெளியே இல்லாமல் அடுக்கினேன். ரம்பங்கள் அடியில். இழைப்புளிகள் அதற்கு மேல். மூன்றாவது தட்டில் உளிகள், திருப்புளிகள், மூலைமட்டம், ஒவ்வொன்றுக்கும் அதனதன் உருவத்திலேயே குழி. கைப்பிடி மூடியின் நடுவில். நீளம் எண்பது சென்டிமீட்டர், அகலம் நாற்பது, உயரம் முப்பத்தைந்து. படம் இணைத்திருக்கிறேன். ஒரு இடம்கூட வீணாகவில்லை என்பதைக் கவனிக்கவும்.

முப்பது வருடத்தில் நீங்கள் ஒரு நாளாவது இப்படி யோசித்ததுண்டா?

இப்படிக்கு,
கிட்டப் போனவள்


ஜூன் 9

டீச்சரம்மாவுக்கு,

படம் பாத்தேன். உன் படத்துக்கு நூத்துக்கு நூறு. பெட்டிக்கு முட்டை.

உளிய அச்சுல வார்த்த மாதிரி குழிக்குள்ள படுக்க வச்சிருக்க. சரி. எடுக்கறது எப்படி? பல்லால கவ்வியா? வெரலுக்கு எடம் எங்க? பிள்ளையத் தொட்டில்ல போட்டுட்டு சுத்தி சுவரு கட்டின மாதிரி இருக்கு. கருவிய அளந்த, கைய அளக்கல.

அடுத்தது கைப்பிடி. அதை மூடியில வச்சிருக்க. மொத்த எடையும் கீல்ல தொங்கும். நாலாவது தடவை தூக்கறப்ப மூடி உன் கையோட வரும், பெட்டி தரையில உக்காந்து உன்னையப் பாக்கும். கைப்பிடி பெட்டி உடம்போட சேந்திருக்கணும். இது சின்னப் பயலுக்குக்கூடத் தெரியும்.

அப்புறம், அடி ரம்பத்த எடுக்க மேல ரெண்டு தட்டயும் எடுக்கணுமா? அதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும்.

இதெல்லாம் புத்தகத்துல இருக்காது. கையில இருக்கணும். முப்பத்தொண்ணும் என் கையில தேஞ்ச கருவி. நூறு அலமாரி பண்ணின கை. அதனால ஒண்ணுகூடக் கொறையக் கூடாது. ஒண்ணாந்தேதி அந்தச் சூப்பர்வைசர் முன்னால பெட்டியத் தொறந்தா அவன் வாயும் தொறக்கணும். எடையப் பத்திக் கவலப்படாத. மூட்டையா தூக்கினவன் நான்.

இப்பவாவது ஆள் வை.

மேஸ்திரி


ஜூன் 14

மேஸ்திரி அவர்களுக்கு,

விரலுக்கு இடம் விடாதது என் தவறு. கைப்பிடியும் தவறு. தவறு என்று தெரிந்தால் அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும் என்று முப்பத்தைந்து வருடம் சொல்லிக்கொடுத்தவள் நான். எழுதிவிட்டேன். குழிகள் எல்லாவற்றிலும் இரண்டு விரல் நுழையும் அளவுக்குப் பக்கவாட்டில் வெட்டுகிறேன்.

வெட்டுவதற்குக் கருவி வேண்டுமல்லவா? உங்களுடையவற்றையே எடுத்தேன். எடுத்த பிறகுதான் தெரிகிறது, இத்தனை நாள் நான் அவற்றைப் படமாக மட்டுமே பார்த்திருக்கிறேன் என்று.

சின்ன உளிகள் நான்கு. மூன்றின் நுனி உடைந்து, பள்ளத்தில் நீலப் பெயிண்ட் காய்ந்திருக்கிறது. நம் வீட்டு ஜன்னலுக்கு அடித்த அதே நீலம். பெயிண்ட் டப்பா திறப்பதற்கு உளி. உதாரணத்துக்கு, ஒரு டாக்டர் தன் கத்தியால் தக்காளி நறுக்கினால் நீங்கள் அவரிடம் போவீர்களா?

இழைப்புளிகள் மூன்று. நீளமானதை வைத்துக்கொண்டு மூன்று நாள் போராடினேன். மரம் சீவாமல் பிய்ந்துகொண்டு வந்தது. என் கைதான் சரியில்லை என்று நினைத்து மரக்கடைக்காரரிடம் எடுத்துப் போனேன். கத்தியைக் கழற்றிப் பார்த்தவர், "இதை மாட்டினது யாரு டீச்சர்? சட்டைய முன்பின்னா போட்டுக்கிட்ட மாதிரி இருக்கு" என்றார். சரிவான பக்கம் கீழே இருக்க வேண்டுமாம். மேலே இருந்தது. மாட்டியது என் கணவர் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டு வந்தேன். வெட்கம் உங்களுக்கா எனக்கா என்று தெரியவில்லை.

இன்னும் ஒன்று. இருபது கருவிகளின் கைப்பிடிகள் தேய்ந்திருக்கும் பக்கம் எனக்கு இடைஞ்சலாக இருக்கிறது. என் கட்டைவிரல் எங்கே படுகிறதோ அங்கே புதிதாக இருக்கிறது. எங்கே படவில்லையோ அங்கே பளபளக்கிறது. இடது கைக்கு மாற்றிப் பிடித்தேன். அச்சாகப் பொருந்தியது.

நீங்கள் வலது கைக்காரர். உங்களோடு இருபது வருடம் வேலை செய்த நெட்டையர்தான் இடது கைக்காரர். யார் வீட்டுப்பாடத்தை யார் எழுதிக் கொடுத்தார் என்று கையெழுத்தை வைத்துக் கண்டுபிடிப்பது என் பிழைப்பாக இருந்தது. அந்த நூறு அலமாரிகளையும் யார் செய்தார் என்பது இப்போது புரிகிறது. நெட்டையர் கருவிகளை உங்களிடம் விட்டுவிட்டுத் தன் மகளோடு இருக்கப் போனாரே, அந்த வருடம்தான் உங்களுக்கு வேலை வருவது நின்றது. நின்றதற்கு என் வாயைக் காரணம் சொன்னீர்கள். நானும் அதை நம்பி மூன்று வருடம் என்னையே திருத்திக்கொண்டிருந்தேன்.

இப்படிக்கு,
திருத்தியவள்


ஜூன் 18

நீ வாத்தியார் வேலைய என்கிட்டக் காட்டாத. வீட்டுல பரீட்சை வச்சு வச்சுத்தான் நான் வெளிய வந்தேன்.

நெட்டையன் செஞ்சான். ஆமா, செஞ்சான். அலமாரி, கட்டில், மேசை எல்லாம் அவன் கை. போதுமா? அவனால வாடிக்கையாளர்கிட்ட நாலு வார்த்தை சேந்தாப்புல பேச முடியாது. ஒரு கதவு மாட்டச் சொன்னா ஒரு நாள் முழுக்க அதைச் சுத்தி நடப்பான். கதவுன்னா கூப்பிடறது என்னைய. உனக்குக் கதவுன்னா என்னன்னு தெரியுமா? தெறந்து போவ, சாத்திட்டு வருவ. நான் சட்டம் நேரா இருக்கான்னு ரசமட்டம் வச்சுப் பாப்பேன். கதவ நிறுத்திக் கோடு போடுவேன். ஓரத்த ரெண்டு தள்ளு இழைப்பேன். கீலு மரத்தோட மரமா உக்காரணும், நகம் வச்சுத் தடவினா தட்டக் கூடாது. அதுக்கு அகல உளி. திருகாணி கடைசிச் சுத்துல கையால இறுக்கணும். மேல, கீழ, பக்கத்துல, மூணு எடத்துலயும் ஒரு காசு நுழையற இடைவெளி. ஒரு கதவுக்கு முக்கா மணி நேரம். எத்தன கதவானாலும் அத்தனைக்கும் ஒரே இடைவெளி. நெட்டையன் அதைப் பாத்து வாயப் பொளந்திருக்கான்.

ஆனா அந்தச் சூப்பர்வைசருக்கு இது எப்படித் தெரியும்? பெட்டியத்தான் பாப்பான். ரெண்டு உளியோட போனா எடுபிடின்னு நெனப்பான். அதனாலதான் முப்பத்தொண்ணும் கேக்கறேன்.

இருபத்தெட்டாந்தேதிக்குள்ள வரலன்னா எனக்கு வேலை இல்ல. அதையும் கணக்குல போட்டுக்க.

மேஸ்திரி


ஜூன் 25

மேஸ்திரி அவர்களுக்கு,

பார்சல் இன்று லாரி ஆபீஸில் போட்டாகிவிட்டது. இருபத்தெட்டாம் தேதி காலையில் போய் எடுத்துக்கொள்ளுங்கள். சாவி இந்த உறைக்குள் இருக்கிறது.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். பெரிய பெட்டியைச் செய்து முடித்தேன். முப்பத்தொன்றும் உள்ளே போனது. விரலும் உள்ளே போனது. மரக்கடைத் தராசில் நிறுத்தோம். நாற்பத்து நான்கு கிலோ. கடைக்காரரும் அவருடைய லோடுமேனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினார்கள். காலி மரப் பெட்டியே பாதி எடை. உங்களுக்கு அறுபத்து மூன்று வயது. விடுதிக் கட்டடம் எத்தனை மாடி என்று நீங்கள் எழுதவில்லை. அறுபத்து நான்கு அறைகள் தரைத்தளத்திலேயே இருக்காது என்று என் கணக்கு சொல்கிறது. பத்துக் கருவிக்கு வேலை இருக்கும் இடத்துக்கு முப்பத்தொன்றைச் சுமந்துகொண்டு படியேறுகிறவரை என்னவென்று சொல்வது? எனக்குத் தெரிந்த சொற்கள் எல்லாம் வகுப்பறைக்கானவை, வேண்டாம்.

அந்தப் பெட்டியை விட்டுவிட்டேன். உங்கள் போன கடிதத்தைத் தரையில் விரித்து, கதவு மாட்டுவதைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அந்தப் பகுதியை வரி வரியாகப் படித்தேன். ஒவ்வொரு வரிக்கும் எந்தக் கருவி தேவைப்படுமோ அதை எடுத்துத் தனியாக வைத்தேன். ரசமட்டம், நடு அளவு இழைப்புளி, அகல உளி இரண்டு, சுத்தியல், திருப்புளி இரண்டு, மூலைமட்டம், கை டிரில், சின்ன ரம்பம், சாணைக்கல். பதினொன்று. பிறகு அவற்றின் கைப்பிடிகளைப் பார்த்தேன். கைப்பிடி உள்ளவை எல்லாம் வலது கைத் தேய்மானம். அகல உளியின் நுனியில் என் கை ரோமத்தை வைத்துப் பார்த்தேன், மூன்று வருடம் சாக்கில் கிடந்தும் மழித்தது. அந்த இழைப்புளியின் கத்தி சரியான பக்கம் இருந்தது. எது உங்களுடையதோ அதை நீங்கள் ஒழுங்காகத்தான் வைத்திருந்திருக்கிறீர்கள். உங்களுடையது இல்லாததால்தான் பெயிண்ட் டப்பா திறந்திருக்கிறீர்கள். இதை அன்றைக்கே ஒழுங்காகச் சொல்லியிருந்தால் நூறு அலமாரிப் பொய் நம் வீட்டில் அவ்வளவு இடம் அடைத்திருக்காது.

இப்போது பெட்டி. பிளைவுட், பன்னிரண்டு மில்லி. இரண்டு முனைப் பலகைகளையும் மேலே நீட்டி, நடுவில் ஒரு உருட்டுக்கட்டையைக் கைப்பிடியாக மாட்டியிருக்கிறேன். எடை முழுவதும் பெட்டியின் உடம்பில்தான் தொங்கும். மூடி இரண்டு பாதி, கதவு மாதிரி இரண்டு பக்கமும் திறக்கும். நடுவில் பூட்டு. தட்டு எதுவும் இல்லை. திறந்தால் பதினொன்றும் கண்ணுக்குத் தெரியும். நிரப்பியபின் பன்னிரண்டு கிலோ. நான் ஒரு கையில் தூக்கிக்கொண்டு மரக்கடை வரை போய்விட்டு வந்தேன்.

சூப்பர்வைசர் வாயைத் திறக்க மாட்டார். அவர் வாயைத் திறக்க வேண்டியது உங்கள் கதவைப் பார்த்து. பெட்டியைப் பார்த்து வாய் திறப்பவரிடம் நீங்கள் ஏன் வேலை செய்ய வேண்டும்?

மீதி இருபதும் இங்கே இருக்கும். நான் இடது கையால் பழகிக்கொண்டிருக்கிறேன். கீழ்த்தெருக் கிளினிக்கில் மருந்து வைக்க ஒரு தட்டு கேட்டிருக்கிறார்கள். இருபதும் வேண்டுமென்றால் எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். ஒவ்வொன்றையும் என் முன்னால் பயன்படுத்திக் காட்டிவிட்டு எடுத்துப் போகலாம்.

இப்படிக்கு,
பெட்டி செய்தவள்


ஜூலை 9

டீச்சரம்மாவுக்கு,

உன் லெட்டர்ல மொத நாலு வரிய மட்டும் படிச்சுட்டுச் சாவிய எடுத்துக்கிட்டு, பெரிய பெட்டின்னு நெனச்சு தம்பியையும் கூட்டிட்டு லாரி ஆபீஸ் போனேன். ஆபீஸ்காரன் அத ஒரு கையில எடுத்து நீட்டினான். தெறந்து எண்ணினேன். நீ மட்டும் எதிர்ல இருந்திருந்தா அந்தப் பெட்டிய உன் கால்ல போட்டிருப்பேன்.

வேற வழி இல்லாம ஒண்ணாந்தேதி அதோடயே போனேன். வாசல்ல பத்துப் பேரு, ஆளுக்கொரு பீரோ மாதிரி பெட்டி. சூப்பர்வைசர் என்னுதப் பாத்துட்டு, "என்ன பெருசு, டிபன் பாக்ஸா?"ன்னான். எல்லாரும் சிரிச்சானுங்க. வேலை நாலாவது மாடியில. லிஃப்டு இன்னும் மாட்டல. ஒவ்வொரு படி திருப்பத்துலயும் ஒருத்தன் பெட்டிய எறக்கி வச்சுட்டு மூச்சு வாங்கினான். நான் நேரா ஏறிட்டேன். அவனுங்க வந்து சேர்றதுக்குள்ள மொதல் கதவோட ஓரம் இழைச்சாச்சு. அன்னிக்கு நான் ஒம்பது. மத்தவன் யாரும் ஆறு தாண்டல. சூப்பர்வைசர் சாயங்காலம் ஒவ்வொரு கதவா காசு வச்சுப் பாத்தான். மறுநாள் "பெருசு" போயி "அண்ணே" ஆச்சு.

உன் பெட்டிய மெச்சறேன்னு நெனச்சுக்காத. மூடி ரெண்டும் கண்றாவி. இடைவெளி மேல ஒரு மாதிரி, கீழ ஒரு மாதிரி. பாக்கப் பாக்க எரிஞ்சுச்சு. கழட்டித் திரும்ப மாட்டிட்டேன். மூலையில பசைய வழிய விட்டிருக்க, தொடைக்கக்கூட இல்ல.

இருபதும் உன்கிட்டயே இருக்கட்டும். பரீட்சைக்கு நான் வரல. இந்த விடுதி முடிஞ்சா பக்கத்துலயே இன்னொரு கட்டடம் இருக்குன்னு சொல்றான். தனியா ஒரு ரூம் பாத்திருக்கேன்.

மேஸ்திரி

பி.கு. அந்த வீட்டுல சமையக்கட்டுக் கதவு தானா சாத்திக்கும். பதினஞ்சு வருஷமா "பண்றேன்"னு சொல்லிட்டே இருந்தேன். நீ இன்னும் செங்கல் முட்டுக் குடுத்துதான் வச்சிருப்ப. யாரையும் கூப்பிடாத, நீயே பண்ணு. கதவுக்கு அடியில நாலு அட்டையச் சொருகிக்க. மேல் கீலோட ஆணிய உருவி, கல்லு மேல படுக்க வச்சு, நடுவுல லேசா ஒரு தட்டுத் தட்டு. துளி வளைஞ்சா போதும், கீலு கொஞ்சம் இறுகிக்கும். திரும்ப உள்ள அடிச்சுட்டு அட்டைய எடு. அப்புறம் கதவப் பாதியில நிறுத்திட்டு, கைய எடுத்துப் பாரு.